தடைக்காலத்துக் கோச்சுகள்

இடுப்பில் மீன்வலையைக் கட்டிக்கொண்டு ஓடும் பெண்ணை நீங்கள் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? திருவொற்றியூரில் ஒரு கோடையில் இருந்திருந்தால் பார்த்திருக்கலாம். அது நான்தான்.

கடலரிப்புக்குக் கல் கொட்டியது போக மிச்சமிருந்த கொஞ்சம் மணல். வெயில் அப்போதுதான் கண் திறந்திருந்தது. என் இடுப்பில் நைலான் கயிறு. கயிற்றின் அந்த முனையில் ஒரு பழைய மடிவலை, ஈயக்குண்டுகளோடு, நனைத்து மூட்டையாகக் கட்டியது. பின்னால் மூன்று ஆண்கள் நடந்து வந்தார்கள். அப்பா கையில் செல்போன், அதில் ஸ்டாப்வாட்ச். அண்ணன் சேகர் கையில் இன்னொரு செல்போன், அதில் வீடியோ. அம்மாவின் தம்பியான மாமா கையில் தூக்குவாளி, அதில் கேழ்வரகுக் கூழ்.

"இஸ்துகினு வா கண்ணு! வுட்றாத!" என்று அப்பா கத்தினார்.

பாதி தூரத்தில் நின்றுவிட்டேன். நிற்கலாம் என்று நான் முடிவு செய்யவில்லை. கால்கள் முடிவு செய்தன. அப்படியே மணலில் உட்கார்ந்தேன். நான் உட்கார்ந்த பிறகும் நெஞ்சு மட்டும் தனியாக ஓடிக்கொண்டிருந்தது.

அப்பா ஸ்டாப்வாட்சை நிறுத்தவில்லை. விழுந்தவள் எழுந்து ஓடும் நேரமும் கணக்கில் சேர வேண்டும் என்பது அவர் கொள்கை.

"இன்னா கண்ணு, டீசல் தீந்துட்ச்சா?"

"தெர்ல நைனா. வரல."

"வரலன்னா இன்னா அர்த்தம்? நேத்து வந்துச்சே?"

"நேத்தும் வரல. நீ போனையே பாத்துகினு இருந்த."

மாமா கூழை நீட்டினார். எந்தப் பிரச்சினைக்கும் அவரிடம் கூழ் இருந்தது.

எல்லாருக்கும் செட் ஆகும் சார்ட்

நான் ஐயாயிரம் மீட்டர் ஓடுகிறவள். பல்கலைக்கழக மெடலைப் பற்றி இந்தப் பத்தியில் போன வாரம் நிறையவே பீற்றிக்கொண்டதால் இந்த வாரம் விட்டுவிடுகிறேன். அந்த மெடலை வைத்துக்கொண்டு ஒரு அரசு அலுவலகத்தில் விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கு மனு போட்டிருந்தேன். அலுவலகத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், இன்றைக்கும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறேன்.

பெண்களுக்கு ரெண்டு இடம். ஆடி மாசம் மைதானத்தில் ஓடிக் காட்ட வேண்டும். அடுத்த வருஷம் எனக்கு வயசு வரம்பு தாண்டிவிடும். அதாவது இதுதான் கடைசி. இதில் கோட்டை விட்டால் மறுபடியும் ஏற்றுமதிக் கம்பெனியில் இறால் உரிக்கப் போக வேண்டும். காலேஜ் முடித்ததிலிருந்து அங்கேதான் இருந்தேன். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியில் ரேகையே அழிந்துபோன வேலை அது.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் சிகாமணி மாஸ்டர். ஒரு காலத்தில் மாநில அளவில் ஓடியவர். சொன்னது அவரேதான். கார்ப்பரேஷன் கிரவுண்டில் காலையில் பத்துப் பன்னிரண்டு பேர் நிற்போம். எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் ஒரே சார்ட் வரும். கால் நீண்டவள், குட்டையானவள், ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிறவள், பத்து மணி நேரம் தூங்கி வருகிறவள், எல்லாருக்கும் ஒன்றே.

வண்ணாரப்பேட்டைக் கடைகளில் ஃப்ரீ சைஸ் நைட்டி என்று ஒன்று தொங்கும். ஒல்லியானவளுக்கு அது பந்தல், பருமனானவளுக்கு அது தலையணை உறை. கடைக்காரரைக் கேட்டால், "எல்லாருக்கும் செட் ஆவும்மா" என்பார். மாஸ்டரும் அதையேதான் சொன்னார், கொஞ்சம் இங்கிலீஷ் கலந்து.

ஆனால் அந்த நைட்டி தைத்தது போலப் பொருந்துகிற ஒருத்தி எப்போதும் இருப்பாளே, அவள்தான் ரேவதி. என் உயிர்த் தோழி. வியாசர்பாடி ஹவுசிங் போர்டிலிருந்து முதல் பஸ் பிடித்து வருவாள். என் வயசு, ஏறக்குறைய என் உயரம், அதே வேலைக்கு அதே மனு. மாஸ்டர் எவ்வளவு ஓடச் சொன்னாலும் ஓடிவிட்டு, "அப்பால இன்னா மாஸ்டர்?" என்று கேட்பாள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அவளைக் கடலில் தள்ளிவிடலாம் போலிருக்கும்.

கடலுக்கு லீவு

சித்திரை பிறந்த கையோடு தடைக்காலம் வந்தது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மீன் இனப்பெருக்கம் செய்யட்டும் என்று வருஷத்தில் ரெண்டு மாசம் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. அப்பா காசிமேட்டில் விசைப்படகு டிரைவர். அண்ணனும் மாமாவும் அதே படகு. ஆக மூன்று பேருக்கும் ஒரே நாளில் லீவு விட்டுவிட்டார்கள்.

முதல் வாரம் தூங்கினார்கள். அடுத்த வாரம் கேரம் ஆடினார்கள். அதற்கு அடுத்த வாரம் என்னைப் பார்த்தார்கள். வேலையில்லாத டிரைவர் கைக்கு ஓட்டுவதற்கு ஏதாவது வேண்டும். நான் கிடைத்தேன்.

அப்பாவுக்கு ஒரு கோட்பாடு உண்டு. வலையை இழுத்துக்கொண்டு தவித்து வருகிற படகு, வலையைத் தூக்கியதும் எகிறிப் பாயும். "அதேதான் கண்ணு. வலய கட்டி இஸ்து பயகு. அப்பால அவுத்து வுட்டா ஏரோப்ளேன் மாதிரி போவே." குப்பத்தில் இதைக் கேட்ட ஒவ்வொருவரும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். இந்தத் தவறை எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் செய்திருக்க முடியாது. மற்ற ஊர்க்காரர்கள் வலைக்கு எங்கே போவார்கள்?

அண்ணனுக்குப் படிப்பு யூடியூபில். ஆப்பிரிக்காக்காரர்கள் மலையில் ஓடித்தான் ஜெயிக்கிறார்கள் என்று கண்டுபிடித்தான். திருவொற்றியூரில் மலை இல்லை. அதனால் சாயங்காலம் என்னை மேம்பாலத்தில் ஏற்றி இறக்கினான். பக்கத்தில் கன்டெய்னர் லாரிகள் உறுமிக்கொண்டு வரும். "அந்தப் புகையதான் பயகிக்கணும், அப்பால சுத்தமான காத்துல பறப்பே" என்பான். புகைக்கும் அப்பாவின் வலைக் கோட்பாடேதான்.

மாமா உணவு இலாகா. கூழ், பச்சை முட்டை, நெத்திலி, மறுபடி கூழ்.

விடியற்காலையில் வலை. காலையில் மாஸ்டரின் சார்ட். சாயங்காலம் பாலம். மாஸ்டருக்கு வலை தெரியாது. அப்பாவுக்குச் சார்ட் புரியாது. அண்ணனுக்கு ரெண்டைப் பற்றியும் கவலை கிடையாது. தனித்தனியாகப் பார்த்தால் ஆளுக்குக் கொஞ்சம்தான் கொடுத்தார்கள். கூட்டிப் பார்க்கிற வேலையை மட்டும் யாருக்கும் ஒதுக்கவில்லை.

இதற்கிடையில் காசிமேட்டில் எங்கள் படகைப் பார்க்கப் போனேன். கரையில் ஏற்றி, இன்ஜினைப் பிரித்து, கழுவி, பெயின்ட் அடித்து, நிழலுக்குத் தார்ப்பாய் வேறு போட்டு வைத்திருந்தார்கள். கொடுத்து வைத்த படகு.

நிறுத்தச் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எப்படிச் சொல்வது? வலை விஷயத்தைக் கேள்விப்பட்டு ரேவதியும் தினம் வந்து வலை இழுத்தாள். பாலமும் ஏறினாள். "செம்மையா கீதுடி! நைனா, இன்னொரு தபா கட்டி வுடு!" அவள் நேரம் வாரா வாரம் குறைந்துகொண்டே வந்தது. அதே சார்ட், அதே வலை, அதே கூழ். கண்ணெதிரே இப்படி ஒரு சாட்சி சிரித்துக்கொண்டு நின்றால், கோளாறு வலையில் இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? கோளாறு என்னிடம்தான் என்று நானே நம்பினேன்.

ஆளுக்கொரு டாக்டர்

நான் மெதுவாகிக்கொண்டே போனேன். உழைக்க உழைக்கக் குறைவது எங்கள் தெருப் பம்பில் வரும் குடிதண்ணீர் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். இப்போது என் வேகமும் சேர்ந்துகொண்டது. ஒரு சுற்றுக்கு எப்போதும் ஆகிற நேரம் போதவில்லை. படுத்தால் தூக்கம் வரவில்லை. படுக்கையை விட்டு எழும் முன்பே நெஞ்சு படபடத்தது. நெத்திலி வாசனைக்குக் குமட்டியது. யாராவது "சாப்ட்டியா?" என்று கேட்டால்கூட அழுகை வந்தது.

அவரவர் நோயைக் கண்டுபிடித்தார்கள். "கண்ணு பட்டிருக்கு" என்று அம்மா மிளகாய் சுற்றிப் போட்டாள். மாமா வாயு என்றார். அண்ணன் மனசு திடமில்லை என்றான், ஏதோ வீடியோவில் சொன்னார்களாம். எதிர்வீட்டு அக்கா எண்ணூர் ஆலைப் புகை என்றார். அந்தப் புகையைத்தான் ரேவதியும் சுவாசிக்கிறாள் என்றதும், "அவ வியாசர்பாடிமா, அவளுக்கு அங்கயே பயகி இருக்கும்" என்று முடித்துவிட்டார். மாஸ்டர் ஒரே வார்த்தையில் சொன்னார். "சோம்பேறித்தனம்." அதற்கு மருந்தாகக் கூடுதலாக நாலு சுற்று கொடுத்தார்.

ஒருத்தருக்கும் துளி சந்தேகம் கிடையாது. அதுதான் எனக்கு ஆச்சரியம். என் உடம்பைப் பற்றி என்னைத் தவிர ஊரில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

அப்புறம் மாசா மாசம் வர வேண்டியது வரவில்லை. அடுத்த மாசமும் வரவில்லை.

அம்மா முதலில் காலண்டரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். பிறகு கதவைச் சாத்தினாள்.

"யார்டி அவன்?"

"எவன்மா?"

"மாஸ்டரா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்ததற்கு ஓர் அறை விழுந்தது. "தெனம் மூணு வேள என் பின்னாடி மூணு ஆம்பள நடந்துகினு கீறாங்கம்மா. அதுல ஒண்ணு உன் புருசன், ஒண்ணு உன் புள்ள, ஒண்ணு உன் தம்பி. எனக்கு யாரையாச்சும் பாக்க நேரம் எங்கம்மா கீது?" என்றேன். அம்மா விரல் மடக்கி மூன்று பேரையும் எண்ணிப் பார்த்தாள். நியாயமாகப் பட்டிருக்க வேண்டும். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

டோக்கன் வாங்கி, பெஞ்சு தேயக் காத்திருந்து, லேடி டாக்டரைப் பார்த்தோம். ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாகவே இருந்தது. டாக்டர் என் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று கேட்டார். வலையிலிருந்து பாலம் வரை சொன்னேன். அவர் எழுதுவதை நிறுத்திவிட்டு, "வலைன்னா... நிஜ வலையா?" என்றார்.

"உடம்பு தாங்குறதுக்கு மேல ஓடியிருக்கேன்னு நினைக்கிறேன்மா. மாதவிடாய் நின்னதும் அதனால இருக்கலாம். ஓட்டத்தை நிறுத்திப் பாரு."

"எத்தினி நாளு மேடம்?"

"அதைச் சொல்ல முடியாதும்மா. சிலருக்குக் கொஞ்ச நாள்ல சரியாகும். சிலருக்கு மாசக்கணக்காகும்."

"ஆடி மாசம் செலக்சன் கீது. அதுக்குள்ள ஆயிடுமா?"

"தெரியாது."

"நான் நிறுத்தி, கால் மறந்துபோச்சின்னா?"

"அதுவும் நடக்கலாம். நடக்காமலும் போகலாம். ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி."

வெளியே வந்ததும் அம்மா புலம்பினாள். "தெரியாதுன்னு சொல்றதுக்கு டோக்கன் வேற. நம்ம தெருவுல கேட்டிருந்தா சும்மாவே எல்லாத்தையும் சொல்லி இருப்பாங்க."

எனக்கும் அன்றைக்குக் கோபம்தான். வேலை கிடைக்காமல் போனால் இந்த டாக்டரம்மாவா வந்து எனக்குப் பதில் இறால் உரிப்பார் என்று நினைத்தேன்.

கவர்மெண்டு ஆர்டர்

தடைக்காலம் முடிந்தது. படகில் ஐஸ் ஏற்றினார்கள், டீசல் நிரப்பினார்கள், பூசணிக்காய் உடைத்தார்கள். மூன்று கோச்சுகளும் ஒரே நாளில் கடலுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் அப்படி ஒரு அமைதி.

நானும் நிறுத்திவிட்டேன். தைரியத்தால் என்று நினைத்துவிடாதீர்கள். ஓடினாலும் தோற்பேன் என்று தெளிவாகத் தெரிந்தது. நிறுத்தினால் தோற்பேனா என்பது மட்டும்தான் தெரியவில்லை. தெரிந்த தோல்வியைவிடத் தெரியாதது மேல் என்று பட்டது, அவ்வளவுதான்.

மாஸ்டரிடம் போய்ச் சொன்னேன். "ஓடாம இருந்து ஜெயிச்சவன் எவனாவது இருக்கானா? அங்க பார் ரேவதிய!" என்றார். ரேவதி அங்கே கூடுதல் சுற்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

வீட்டில் இருந்த அந்த நாட்கள் நரகம். காலை பஸ் சத்தம் கேட்டால் ரேவதி இறங்கியிருப்பாள் என்று தோன்றும். ஒவ்வொரு மணி நேரமும் என்னிடமிருந்து எதுவோ ஒழுகிப் போவது போலிருக்கும். தொடையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன். பிறகு தூக்கம் வர ஆரம்பித்தது. லாரி ஹாரன், கோயில் ஸ்பீக்கர், அம்மாவின் வசவு, எதற்கும் அசையாத தூக்கம்.

அப்பா கரை திரும்பியபோது நடு மத்தியானம். நான் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

"இன்னா இது? செலக்சன வச்சிகினு பட்டப்பகல்ல மல்லாந்துகினு கீறே?"

"ரெஸ்ட் நைனா."

"சீக்காளிக்குதான் ரெஸ்டு. உனக்கு இன்னா கேடு?"

"உன் போட்டுக்கு மட்டும் ரெண்டு மாசம் ரெஸ்டு குடுத்தியே, அதுக்கு இன்னா கேடு?"

"அது கவர்மெண்டு ஆர்டரு. உனக்கு எவன் ஆர்டர் போட்டான்?"

"டாக்டரு."

"அந்தம்மா தெரியாதுன்னுதான சொல்லிச்சாம்? தெரியாத ஆளு பேச்ச கேட்டுகினு படுத்துகினு கீறியா?"

"தெரிஞ்ச ஆளுங்க பேச்ச கேட்டுதான் நைனா இப்டி ஆயிட்டேன்."

அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறியது. சோறு வேண்டாம் என்று எழுந்து போனார். தெருவில் நின்று யாரிடமோ, "பொண்ணு கெடுத்துகினா. எல்லாம் போச்சு" என்று சொன்னது உள்ளே கேட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன். ஏனென்றால் அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம்.

ஒரு நாள் நெத்திலி வறுக்கிற வாசனைக்கு வயிறு கூப்பிட்டது. இன்னொரு நாள், வர வேண்டியது வந்தது. அன்றைக்கு அம்மா பாயசம் வைத்தாள். என்ன விசேஷம் என்று எதிர்வீட்டு அக்கா கேட்டதற்கு, "சும்மாதான்" என்றாள்.

மெல்ல ஓடிப் பார்த்தேன். கால் மறந்திருக்கவில்லை. கொஞ்சம் ஓடினேன், போதும் என்றதும் நின்றேன். மாஸ்டர் பார்க்காதது போல் பார்த்தார்.

ரேவதிதான் ஒரு நாள் என் பக்கத்தில் வந்து குந்தினாள். "ஏய், நானும் கொஞ்ச நாளு ரெஸ்ட் எடுக்கட்டா? உன்ன பாத்தா ஆசையா கீது."

என்ன சொல்வது? அவளுக்கும் அது கடைசி வாய்ப்புதான்.

"தெரியாதுடி."

"இன்னாடி, டாக்டர் மாதிரி பேசுறே?"

"ஓடுனா உனக்கு எப்டி கீது?"

"ஜாலியா கீது."

"தூக்கம் வருதா?"

"பஸ்சுலயே வருது."

"அப்ப ஓடு."

பன்னிரண்டரை சுற்று

தேர்வு நாளன்று அப்பா கடலுக்குப் போகவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "காத்து சரியில்ல" என்றார். காற்று நன்றாகத்தான் இருந்தது.

துப்பாக்கி வெடித்ததும் ரேவதி முன்னால் போய்விட்டாள். நான் நாலாவதாக ஓடினேன். பாதியில் மூச்சு முட்டியது. அவ்வளவுதான், அப்பா சொன்னது பலித்துவிட்டது, படுத்துக் கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். சரி, இன்னும் ஒரு சுற்று, அப்புறம் பார்க்கலாம். அப்படியே ஒவ்வொரு சுற்றாக ஓட்டினேன். ஏதோ ஒரு சுற்றில் மூச்சு திரும்பி வந்தது. அது ஏன் போனது, ஏன் வந்தது என்று இன்றைக்கும் தெரியாது.

கடைசி சுற்றில் ஒருத்தியைத் தாண்டினேன். எனக்கு முன்னால் ரேவதிக்குப் பின்னால் இன்னொருத்தி. வேலிப் பக்கம் திரும்பும்போது அப்பாவைப் பார்த்தேன். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுற்றிலும் எல்லாக் குடும்பமும் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தது. அவர் வாயே திறக்கவில்லை.

கோட்டுக்குச் சற்று முன்னால் அவளையும் தாண்டினேன். ரேவதி முதல், நான் ரெண்டாவது. ரெண்டு பேரும் தரையில் விழுந்து கட்டிக்கொண்டோம். "அப்பால இன்னாடி?" என்று அவள் கேட்டாள். இந்தத் தடவை அவளைத் தள்ளிவிடத் தோன்றவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டில் கூட்டம். வலையால் வந்த பலம் என்றது குப்பம். அண்ணன் பாலத்தின் வீடியோவைப் போட்டுக் காட்டினான். மாமா எல்லாருக்கும் கூழ் ஊற்றினார். மிளகாய் என்றாள் அம்மா. மாஸ்டர் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ரேவதி படத்தோடு என் படத்தையும் போட்டு, "எனது பயிற்சி முறை" என்று எழுதியிருந்தார். மறுவாரம் அவருடைய சார்ட்டில் ஓய்வு நாட்களும் சேர்ந்தன. பத்துப் பன்னிரண்டு பேருக்கும் ஒரே ஓய்வு.

அப்பா மட்டும் வாசலில் உட்கார்ந்திருந்தார். போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"ஏன் நைனா கத்தல?"

அவர் காலில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

"இன்னா கத்துறதுன்னு தெர்ல கண்ணு. இஸ்துகினு வான்னு கத்தலாம்னு பாத்தேன். அத்த கேட்டு நீ மறுபடி குந்திட்டீன்னா? மெதுவா போன்னு கத்தலாம்னா அதும் தப்பாப் பூட்ச்சின்னா? அதான், கம்முனு இருந்துட்டேன்." பிறகு, "பயமா இருந்துச்சு" என்றார்.

புயலில் படகு ஓட்டிய மனுஷன் எனக்குத் தெரிந்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவர் தோளில் சாய்ந்துகொண்டேன்.

"நாளைக்கு ஓடப் போறியா?" என்றார்.

வழக்கமாக அது "நாளைக்கு ஓடணும்" என்றுதான் வரும்.

"தெர்ல நைனா. காலைல எயுந்து பாத்துட்டு சொல்றேன்."

"சரி," என்றார் அப்பா. "பாத்துட்டு சொல்லு."